பாலத்து முனி சொன்னது

எனக்கு அப்போது ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு, தனம் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல கல்யாணத்தைக் கெடுத்தேன்.

விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் படிக்காமல் எழுந்து போனாலும் குற்றம் விளங்கிவிட்டது. ஆனால் நான் கெடுத்தது கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை வைத்து. அது எப்படி என்று கேட்பீர்கள் அல்லவா... அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எனக்கே வருகிறது. இந்தக் குற்றத்தில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

நான் ஊர் சுற்றி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். இடைநிலைப் பள்ளியில் சேருமுன் எங்களைப் போன்ற பிள்ளைகளை ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு என்று உட்கார வைப்பார்கள். அதில் பாதியிலேயே நழுவிவிட்டேன். பிறகு செம்பனைக் குலை தூக்கினேன். சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்தேன். மீன் லோரியில் ஐஸ் அள்ளினேன். பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறேன், கோயில் மேடைக்கு அடியில் படுத்திருக்கிறேன். பெரிய சோகம் ஒன்றுமில்லை, கொசுதான் அதிகம். ஒரே பாயில் ஒரு வருடம் முழுதாகப் படுத்ததில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானுக்கு வந்தபோது பெருமாள் அண்ணன் என்னைக் கெலிண்டானாகச் சேர்த்துக்கொண்டார். லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாமான் ஏற்றி இறக்குகிறவனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர் வாடகைக்கு இருந்த பின்னறையில் இன்னொரு பாய்க்கு இடமிருந்தது. வீடு தனம் அக்காவுடையது. வாசலில் தகரக் கூரை போட்டுக் காலையில் தோசையும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவும் விற்பார். தாய் தகப்பன் போனபின் தம்பி குமாரைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். கல்யாணம் ஆகவில்லை.

முன்பிருந்த வாடகைக்காரன் குடித்துவிட்டு மாவுச்சட்டியைக் கவிழ்த்துவிட்டானாம். அதனால் இனிமேல் படித்தவனுக்குத்தான் அறை என்று அக்கா முடிவு செய்திருந்தார்.

"என்னா படிச்சிருக்க?"

"ஃபார்ம் ஃபைவ், அக்கா."

ஃபார்ம் ஃபைவ் என்றால் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் வருடம். பெருமாள் அண்ணன் கூரையைப் பார்த்தார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இங்கிலீஸ் வாசிப்பியா?"

"அதெல்லாம் சும்மா வரும் லா."

அறை கிடைத்தது. அதோடு கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த பொட்டியும் கிடைத்தது. குமார் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவன். அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதைத் தூக்கி எறியப் போனார்களாம். அவன் அதைச் சாரோங்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி, கிள்ளான் வரை ஓட்டி வந்திருக்கிறான். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பொட்டி நின்றுவிட்டது. பச்சை எழுத்து மட்டும் காட்டும் திரை.

"ஃபார்ம் ஃபைவ் படிச்சவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஓட்டிக் காட்டு," என்றார் அக்கா.

எங்கே தட்டினால் உயிர் வரும் என்று கண்டுபிடிக்கவே சில நாள் ஆனது. உயிர் வந்தபின் அதற்குத் தீனி வேண்டுமே. லோரி கோலாலம்பூரில் சாமான் இறக்கும்போதெல்லாம் நான் ஒரு கடைத்தொகுதியின் மாடிக்கு ஓடுவேன். அங்கே கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் விளையாட்டுகளின் பெயரைக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பார். எண்ணைச் சொன்னால் டிஸ்கெட்டில் பதிந்து தருவார். விமானம், கார், குத்துச்சண்டை என்று ஆட்கள் முண்டியடிப்பார்கள். மூலையில் ஒரு பிஸ்கட் தகரம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்குள் பிளாஸ்டிக் பையில் போட்ட டிஸ்கெட்டுகள், ஒவ்வொன்றோடும் நகலெடுத்த ஒரு தாள்.

"அது வேண்டாம்," என்றார் தவுக்கே, மலாயில். "அதெல்லாம் கம்பெனி செஞ்சது இல்ல. வெளிநாட்டுல ஒரு ஆளு வீட்டுல உக்காந்து தனியா செஞ்சது. படம் கொஞ்சம், எழுத்து நிறைய. வாங்கிட்டுப் போறவன் மறுநாளே திட்டிக்கிட்டு வர்றான்."

அதனாலேயே மலிவு. நான் அதைத்தான் வாங்கினேன். மலிவுக்காக மட்டும் இல்லை. அந்தத் தாளில் கையால் வரைந்த வரைபடம் ஒன்று இருந்தது. காடு, ஆறு, இரண்டு ஊர், ஒரு பாலம். எவனோ ஒருத்தன் தனியாக உட்கார்ந்து ஒரு நாட்டையே செய்திருக்கிறான்... நான் ஒரு நாட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு ஒரு குடிசை செய்யவில்லை. அவன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அந்த வகை விளையாட்டு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் சொல்கிறேன். முதலில் ஆள் பிடிக்க வேண்டும். வாள்காரன், வில்காரன், மந்திரக்காரன், மருந்து போடுகிறவள் என்று ஒரு கூட்டம் சேர்க்க வேண்டும். பகடை உருட்டியதுபோல் ஒவ்வொருவருக்கும் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று எண் வரும். பெயரை நாமே வைக்கலாம். பிறகு அந்தக் கூட்டத்தோடு ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவரிடம் பேசி, என்ன குறை என்று கேட்டு, அதைத் தீர்த்துவைக்க வேண்டும். செத்தால் செத்ததுதான்.

"என் பேருல ஒருத்தனைப் போடு," என்றார் பெருமாள் அண்ணன். "பலம் ஜாஸ்தி இருக்கணும். புத்தி கம்மின்னா பரவால்ல."

"அப்படிப் போட்டா அது அண்ணனேதான்," என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

மருந்து போடுகிறவளுக்கு தனம் என்று பெயர் வைத்தேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த முக்காலி அங்கேயே இருந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். திரை நிறைய ஆங்கிலம். எனக்கு எழுத்து தெரியும், திசை தெரியும், ஆம் இல்லை தெரியும். இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து, "என்னா போட்டிருக்கு?" என்கிறார்கள். நான் என்ன செய்வேன்?

சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

முதல் ஊரின் சத்திரத்துச் சுவரில் ஏதோ ஓர் அறிவிப்பு. "ராசா மகளைக் காணோமாம். தேடிக் கொடுத்தா பாதி நாடாம்," என்றேன். காட்டில் ஒரு குகை வந்தது. "இங்கதான் அந்தப் புள்ள அழுத சத்தம் கேட்டுச்சாம்," என்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பெருமாள் அண்ணன் லோரியில் போகும்போதுகூட, "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சோ என்னமோ," என்பார். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அதுவரை நான் வாயைத் திறந்தால் நகரச் சொல்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

பிறகு பாலம் வந்தது.

ஆற்றங்கரையில் ஒரு பாலம். பாலத்தின் முனையில் கையில் ஈட்டியோடு ஒரு காவலன். பச்சைக் கோட்டில் வரைந்த படம். தொப்பியின் வார், முகத்தில் முறுக்கு மீசை மாதிரி விழுந்திருந்தது.

பெருமாள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "டேய், நிறுத்து. இது யாருன்னு தெரியுதா?"

"யாரு?"

"முனிடா. எல்லையில நிக்கிறாரு. பக்கத்துல தண்ணி. கையில ஈட்டி. மீசையைப் பாரு." தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அக்காவும் பார்த்தார். "ஆமா லா," என்றார் மெதுவாக.

சிரிக்காதீர்கள். முனீஸ்வரரைக் கும்பிடாத லோரி எங்கள் பக்கத்தில் உண்டா? சாலை ஓரத்தில், மரத்தடியில், ஆற்றங்கரையில் எங்கும் நிற்கிறவர் திரைக்குள் ஏன் நிற்கக் கூடாது? அன்று எனக்கே கொஞ்சம் மயிர் சிலிர்த்தது.

அந்தக் காவலனிடம் ஏதாவது ஒரு சொல்லைத் தட்டிக் கேட்கலாம். அவன் ஒரு வரியில் பதில் சொல்வான். "கும்புட்டுட்டு ஏதாச்சும் கேளு," என்றார் அண்ணன். லோரி என்று தட்டினேன். ஒரு வரி வந்தது.

"பின் டயரைப் பாருன்னு சொல்றாரு, அண்ணே."

மறுநாள் பின் டயர் வெடித்தது. அது மொட்டை டயர் என்று எனக்கு முன்பே தெரியும். தினமும் அதன் பக்கத்தில் நின்று சாமான் இறக்குகிறவன் நான்தானே. ஆனால் பெருமாள் அண்ணன் அன்று மாலையே ஒரு சுருட்டு வாங்கிவந்து திரைக்கு முன்னால் வைத்தார். வெள்ளிக்கிழமை பொட்டியின் தலையில் எலுமிச்சம்பழம் ஏறியது. அக்கா சட்டத்தில் குங்குமம் வைத்தார். சூடம் மட்டும் வேண்டாம், உள்ளே புகை போனால் சாமிக்கு ஆகாது என்று நான் தடுத்துவிட்டேன்.

அதன்பின் எதற்கும் பாலத்து முனிதான். லீவு போடலாமா, ரேடியோவை விற்கலாமா, குமாருக்கு எப்போது சம்பளம் உயரும்... நான் தட்டுவேன், வரி வரும், சொல்வேன். எல்லாம் எனக்கு முன்பே ஓரளவு தெரிந்த பதில்கள். இல்லாவிட்டால் எப்படித் திருப்பினாலும் பொருந்துகிற பதில்கள்.

ஒரு நாள் பெருமாள் அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "ஏன்டா, நேத்து வந்த அதே எழுத்து மாதிரி இருக்கே?"

"இங்கிலீஸ்ல அப்படித்தான் அண்ணே. எழுதுறது ஒன்னு, அர்த்தம் ஒன்னு."

"அடேங்கப்பா. அதான் வெள்ளைக்காரன் நம்மளை ஆண்டுட்டுப் போயிட்டான்."

முனியை நகரச் சொல்லும் துணிச்சல் எங்களில் எவருக்கும் இல்லை. அதனால் பாலத்தைத் தாண்டவே இல்லை. இந்தக் கரையிலேயே சுற்றிச் சுற்றி எலியையும் ஓநாயையும் கொன்றுகொண்டிருந்தோம். அந்த வட்டாரத்தில் எலியே மிஞ்சியிருக்காது. நான் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுப்ரா வந்தார். ரவாங் ஆள். பஸ் டிரைவர். மனைவி இறந்து சில வருடம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. கிள்ளானுக்கு வண்டி ஓட்டி வரும் நாட்களில் அக்கா கடையில் தோசை சாப்பிடுவார். அதிகம் பேச மாட்டார். தட்டை எடுத்துத் தானே கழுவி வைப்பார். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க, "கஸ்டமர் தட்டு கழுவுறாரு லா," என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

சுப்ரா பெருமாள் அண்ணன் வழியாகக் கேட்டார். கல்யாணம் செய்துகொண்டு ரவாங்கில் இருக்கலாம். கடையையும் அங்கேயே போட்டுக் கொடுக்கிறேன் என்றாராம்.

அக்காவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. வெள்ளை வந்தது. மனம் ஆறாமல் இன்னொரு கோயிலில் பார்த்தார். சிவப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. வியாபாரம் முடிந்திருந்தது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பெருமாள் அண்ணன் வீட்டில் இல்லை.

"ரவாங்னு அடி, தம்பி. போகலாமான்னு கேளு."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். போ என்று சொல்லும்படி அந்த முகம் கேட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அக்கா ரவாங்குக்குப் போனால் என்ன ஆகும்? வீடு போகும். அறை போகும். பொட்டி அவரோடு போகும். முக்காலி போகும், வாயைப் பிளந்து கேட்பது போகும். நான் மறுபடியும் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் கொசு அடித்துக்கொண்டு... இவ்வளவும் அந்த ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் மனதில் ஓடியது.

வரி வந்தது. எப்போதும் வரும் அதே வரி.

"பொறுன்னு சொல்றாரு, அக்கா. அந்த வழி உன் வழி இல்லைன்னு சொல்றாரு."

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "அப்படியா சொல்றாரு?"

"ஆமா அக்கா."

"இன்னொரு தரம் கேளு."

தட்டினேன். அதே வரி. "அதையேதான் சொல்றாரு."

ஒரே வரிக்கு ஒரே அர்த்தம் சொன்னது அன்று ஒரு நாள்தான்.

அக்கா எழுந்து போய் உளுந்து களைந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வேண்டாம் என்று பெருமாள் அண்ணன் வழியாகவே சொல்லி அனுப்பினார். சுப்ரா அதன்பிறகு ஒரே ஒரு முறை வந்தார். வழக்கம்போல் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், "சட்னி நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் பஸ் நின்றாலும் அவர் இறங்கவில்லை.

இதில் கேவலம் என்ன தெரியுமா? எந்தப் பாய்க்காக இதைச் செய்தேனோ, அந்தப் பாயில் நான் ஒரு வருடம் படுக்கவில்லை. கால் அரித்தது. குவாந்தானில் ஒரு மரக்கிடங்கில் ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கிளம்பிவிட்டேன். அக்கா வழிக்கு நாசி லெமா கட்டிக் கொடுத்தார்.

சில வருடம் கழித்து ரவாங் பேருந்து நிலையத்தில் சுப்ராவைப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி, தோளில் ஒரு பெண் குழந்தை. அம்பாங்கில் பெண் எடுத்தாராம். என்னை அடையாளம் கண்டு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்...

"அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க," என்றேன். எனக்குத் தெரியாது.

நான் ஆங்கிலம் கற்றது அம்பாங்கில். அடுக்குமாடி ஒன்றில் ஜாகா வேலை. வாசல் கதவைத் திறந்து மூடுகிற காவல்காரன் வேலைதான். அலுவலக அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. ஓய்வு நேரத்தில் தொட்டுக்கொள் என்றார் மேலாளர். தவுக்கேயிடம் போய் அதே விளையாட்டைக் கேட்டேன். தகரத்துக்குள் இன்னும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் அகராதி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, ஒவ்வொரு வரியாக... வாத்தியாரால் முடியாததை அந்த விளையாட்டு செய்தது. அதைச் செய்தவன் முகம் தெரியாது. அவன்தான் எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தான்.

முதலில் சத்திரத்துச் சுவர் அறிவிப்பு. ராசா மகள் இல்லை. சத்திரக்காரனின் சாராயப் பீப்பாய் ஒன்று ஆற்றோடு போய்விட்டதாம், கண்டெடுத்தால் ஒரு வேளைச் சாப்பாடு இலவசமாம். நாங்கள் மாதக்கணக்கில் கண்ணீர் விட்டுத் தேடியது ஒரு பீப்பாயை. பெருமாள் அண்ணன் சாப்பிட்டுச்சோ என்னமோ என்று கவலைப்பட்டதும் அதைத்தான். மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். மாடிக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பாலத்துக்குப் போனேன். ரவாங் என்று தட்டினேன். அந்த வரி வந்தது. அகராதியைப் புரட்டினேன். பெரிதாகப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள்.

"அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு ஏதாவது கேள்."

அவனுக்குப் புரியாத எந்தச் சொல்லைத் தட்டினாலும் வருகிற வரி அது. டயருக்கும் அதுதான், ரேடியோவுக்கும் அதுதான். அக்காவின் வாழ்க்கைக்கும் அதுதான். ஒன்றும் தெரியாது என்று அவன் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான். தெரிந்த மாதிரி பேசியது நான்.

அவனிடம் கேட்க வேண்டிய சொல் அந்த ஆற்றின் பெயர். அதைத் தட்டினால் ஒதுங்கி வழி விடுகிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மலையும் கடலும் மீதி ஊர்களும் இருந்தன. தனியாகக் கொஞ்ச தூரம் போனேன். பின்னால் யாரும், "என்னா போட்டிருக்கு?" என்று கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். கிள்ளான் வீட்டில் வேறு ஆட்கள். விசாரித்ததில் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடிக்குக் கீழே கடை போட்டிருக்கிறார் என்றார்கள். போனேன். தலை பாதி நரைத்திருந்தது. குரல் அப்படியே.

"வாய்யா, ஃபார்ம் ஃபைவ்," என்றார் தூரத்திலேயே.

அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை. பெருமாள் அண்ணன் ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார், குமாருக்கு இரண்டு பிள்ளைகள் என்றெல்லாம் சொன்னார். கூட்டம் குறைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "மேல வா, ஒரு வேலை இருக்கு," என்றார்.

மாடி வீட்டின் கூடத்தில் அந்தப் பொட்டி. அதே துணி, சட்டத்தில் காய்ந்துபோன குங்குமம். டிஸ்கெட்டை மைலோ டின்னில், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சூடத்தோடு போட்டு வைத்திருந்தார். பொட்டி முனகிக்கொண்டு எழுந்தது. மீசைக்காரர் அதே பாலத்தில் நின்றார்.

"ரவாங்னு அடி," என்றார் அக்கா. "போகலாமான்னு கேளு."

"அக்கா... அதுதான் முடிஞ்சு போச்சே. அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"எனக்குத் தெரியும் லா. நீ கேளு."

தட்டினேன். வரி வந்தது. இந்த முறை அதைப் படிக்க எனக்குத் தெரியும். நீ செய்தது சரிதான், போகாமல் இருந்ததே நல்லது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று தோன்றியது. ஆறுதல் யாருக்கு? அவருக்கா, எனக்கா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒன்னும் தெரியாதுன்னு போட்டிருக்கு, அக்கா," என்றேன். "அதைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது, வேற ஏதாச்சும் கேளுன்னு போட்டிருக்கு. எப்பவுமே அதான் போட்டிருந்துச்சு."

அக்கா தலையாட்டினார். "கிளார்க் அங்கிளும் இதையேதான் சொன்னாரு."

"யாரு?"

"பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிள். ரயில்வேயில கிளார்க்கா இருந்தாரு. நான் இங்க வந்த வருசமே படிச்சுக் காட்டிட்டாரு. ஒவ்வொன்னா அடிச்சுப் பாத்தோம். டயருக்கு அதான். குமாருக்கு அதான். ரவாங்குக்கும் அதான்."

அப்படியானால் அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியும். நான் தூக்கிக்கொண்டு வந்தது எனக்கு மட்டுமே ரகசியமாக இருந்த ரகசியம்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கச் சொன்னீங்க?"

"இந்தத் தடவை உன் வாயில என்னா வருதுன்னு பாக்கலாம்னுதான்." சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதில் எனக்கு ஒதுங்க இடமே இல்லை.

"என்னைத் திட்டுங்க அக்கா."

"திட்டிட்டா அதோட தீந்துடும் லா, தம்பி," என்றார். "மெசினை அடைச்சிடு. கரண்டு ஏறுது."

அடைத்தேன். கீழே வந்தோம். மத்தியானக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. எனக்கு ஒரு தட்டில் தோசை வைத்தார். சட்னி ஊற்றினார். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் எழுந்தேன். அக்கா தோசைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்க வை. நீ ஒன்னும் கழுவ வேணாம்."

வைத்தேன்.

இப்போதும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறேன். அக்கா பேசுகிறார், கேலி செய்கிறார், எந்த ஊரில் இருக்கிறேன் என்று விசாரிக்கிறார். ஒவ்வொரு முறையும் தட்டோடு எழுந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறார்.